ஒடுக்கு எடுக்கும் கை

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். துணியில் ஓர் இழை பிசகியிருந்தால் விரலை ஓட்டியே சொல்லிவிடக்கூடியவர்கள் வாழும் இடம். அங்கே ஒருவர் காரின் கதவு நசுங்கிவிட்டால், ஆர்.கே.பேட்டையில் விடுவதா, சோளிங்கருக்கா, திருத்தணிக்கா, எல்லை தாண்டி நகரிக்கா, ஒரேயடியாகச் சென்னைக்கா என்று பேச்சு நீளும். எவ்வளவு ஆகும் என்பது பிறகுதான் வரும். முதலில் வருவது, "அங்க வேலை பாக்குறது யாரு?" என்ற கேள்வி.

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். அதன் வேர் சென்னை மவுண்ட் ரோட்டில் இருக்கிறது.

பெரியார் சிலைக்கு அருகே 'சிம்சன்' என்று பேருந்து நிறுத்தத்துக்கே பெயராகிப்போன அந்த நிறுவனம் 1840-ல் தொடங்கியது. கோச்சு வண்டிகள் கட்டுவதுதான் அதன் ஆரம்ப காலத் தொழில். தச்சர், கொல்லர், தோல் தைப்பவர், வண்ணம் பூசுபவர் என்று பல கைகள் கூடினால்தான் ஒரு வண்டி உருவாகும். 1903-ல் இதே பட்டறையில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து மெட்ராஸ் தெருக்களில் ஓட்டிக் காட்டினார். அந்தக் காலத்துக் கார்களின் உடம்பு குதிரை வண்டியின் உடம்புதான்: மரச்சட்டம், அதன்மேல் தட்டி வளைத்த தகடு. வெளிநாட்டிலிருந்து அடிச்சட்டமும் இன்ஜினும் வந்திறங்க, மேல்கூட்டை உள்ளூர் வண்டிப் பட்டறை கட்டிக்கொடுப்பதும் உண்டு. கட்டிய கைக்கே பழுது பார்க்கவும் தெரியும் என்பதால் எங்கே விடுவது என்று கார்க்காரர் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பெயின்ட்தான் பெரும் பாடாக இருந்தது. எண்ணெயில் குழைத்த வண்ணமும் வார்னிஷும் அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருந்து, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்காகும். ஃபோர்டு தன் மாடல் டி காரை 1914 முதல் பல ஆண்டுகள் கறுப்பிலேயே விற்றதற்குக் கறுப்பு எனாமல் மலிவாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருந்ததைக் காரணமாகச் சொல்வார்கள். 1923-ல் அமெரிக்க டூபாண்ட் நிறுவனம் 'டூக்கோ' என்ற பெயரில் சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் வாரங்கள் நாட்களாகச் சுருங்கின. அதோடு ஸ்ப்ரே கன்னும் கம்ப்ரசரும் வந்தன. நம் ஊர்த் தச்சர்கள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் 'டூக்கோ பெயின்ட்' என்று இன்றும் சொல்வது அந்தக் கார் பெயின்டின் பெயரைத்தான்.

'டிங்கரிங்' என்ற சொல்லும் இப்படித்தான் வந்தது. இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய்ப் பாத்திரத்துக்கு ஒட்டுப் போடுகிறவரின் பெயர் டிங்கர். தமிழில் அது கார்த் தகட்டைச் சீராக்கும் வேலைக்குப் பெயராகி, 'பட்டி பார்த்து டிங்கரிங் பண்ணி' என்று பேச்சுவழக்கிலும் கலந்துவிட்டது. பித்தளைக் குடத்தில் விழுந்த ஒடுக்கை எடுப்பதும் கார்க் கதவில் விழுந்த ஒடுக்கை எடுப்பதும் அடிப்படையில் ஒரே வித்தை. உள்ளே இரும்புக் கட்டையான டாலியை அணைத்துப் பிடித்து, வெளியே சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும். ஓங்கி அடித்தால் தகடு விரிந்துவிடும். விரிந்த தகடு பழைய இடத்தில் அடங்காமல் டப்பாபோல உள்ளும் வெளியும் துள்ளும். அப்போது அந்த இடத்தை மட்டும் கேஸ் வெல்டிங் தீயில் சிவக்கக் காட்டி, சட்டென்று ஈரத்துணியை வைப்பார்கள். சூடான தகடு குளிர்ந்து சுருங்கும். எங்கே காட்டுவது, எவ்வளவு காட்டுவது என்பதை உள்ளங்கைதான் சொல்லும். இது எந்தப் பள்ளிக்கூடமும் எழுதிக் கொடுத்து வந்ததல்ல. எடுபிடியாகச் சேர்ந்து, வாட்டர் பேப்பர் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மழுங்கிய பிறகுதான் பையன் கைக்குச் சுத்தியல் வரும்.

இந்தக் கை பொன்னாக மதிக்கப்பட்டது, கார் தயாரிக்கவே அரசின் உரிமம் வேண்டியிருந்த லைசென்ஸ் காலத்தில். அம்பாசடர், ஃபியட், வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும்தான் அன்றைய இந்தியச் சாலைகள். புதுக் கார் வேண்டுமானால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஹெரால்டின் உடம்பு போல்ட் போட்டு இணைத்த பகுதிகளால் ஆனது. பாகம் கிடைத்தால் கழற்றி மாட்டிவிடலாம். ஆனால் பாகம் கிடைப்பதே அரிது. ஆகவே நசுங்கியதை மாற்றுவது என்ற பேச்சே இல்லை, நிமிர்த்துவதுதான். துருப்பிடித்த அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் தகட்டிலிருந்து அதே வளைவை அடித்து எடுத்தவர்களை நம்பித்தான் தமிழ்நாட்டில் ஒரு கார் முப்பது வருடம் ஓடியது. அவர்களை வெறும் 'ரிப்பேர்காரர்' என்று சொல்வது அநியாயம்.

பழைய பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை. உடைத்த வண்டிகளின் கதவும் பானெட்டும் பம்பரும் அடுக்கிக் கிடக்கும் அந்தத் தெருக்களிலிருந்து கூவத்தைத் தாண்டினால் சிந்தாதிரிப்பேட்டை. அதுவோ 1730-களில் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்படி மருவியது என்பார்கள். தறி ஊரான அம்மையார்குப்பத்துக் காருக்குப் பாகம் தேடிப் போகிறவர் பழைய தறிப்பேட்டை ஒன்றின் பக்கத்தில் போய் நிற்கிறார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் தொழிலின் கணக்கு மாறத் தொடங்கியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவும், திருவள்ளூர் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சரும் வெளிவந்தன. இப்படிப் புதிய கார்கள் பெருகப் பெருக, பம்பர் பிளாஸ்டிக்காகவும் வண்ணம் மெட்டாலிக்காகவும் ஆனது, மேலே கண்ணாடிபோல ஒரு கிளியர் கோட்டும் வந்தது. ஒவ்வொரு கலருக்கும் ஒரு குறியீடு. தூசி படாத அறையும் சூடேற்றிக் காயவைக்கும் வசதியும் தேவைப்பட்டன. வேப்பமரத்தடியில் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு ஸ்ப்ரே கன்னை எடுத்தவர்களுக்கு இது பெரிய சோதனை.

இன்னொரு பக்கம் காப்பீடு வந்து நடுவில் உட்கார்ந்தது. 1973 முதல் பொதுக் காப்பீடு முழுவதும் அரசின் கையில் இருந்தது. 2000-க்குப் பிறகு தனியார் வந்தார்கள், 'கேஷ்லெஸ்' வந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பட்டறையில் விட்டால் கையிலிருந்து பெரும்பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதித்தொகை தேய்மானமாகக் கழிந்துவிடும். பழைய வண்டிக்காரர் பலர் கணக்குப் பார்த்துவிட்டு உள்ளூர் தகர ஷெட்டுக்கே திரும்புவது இதனால்தான்.

அந்த ஷெட்டில் பெயின்ட் அடிப்பவரின் மூச்சை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் இன்றைய பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும் என்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. முகத்தில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. பட்டறை தேடுகிறவர்கள் அங்கே சரியான மாஸ்க் இருக்கிறதா என்றும் பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்தச் செலவைக் கூலியில் சேர்த்துக் கொடுப்பது நியாயம்தான்.

விவரம் தெரிந்தவர்கள் பட்டறையைச் சோதிக்கும் விதம் பெரிதாக மாறவில்லை. டாக்சி டிரைவர்கள் எங்கே விடுகிறார்கள் என்று விசாரிப்பார்கள். அங்கே முடிந்து நிற்கும் வண்டியின் கதவு இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா என்று பார்ப்பார்கள். சிலர் சட்டைப்பையில் சின்னக் காந்தம் கொண்டுபோவார்கள். பட்டி தடிமனாக அப்பியிருந்தால் காந்தம் பிடிக்காது. ஒடுக்கை நிமிர்த்தாமல் பட்டியால் மூடிய வேலை, இரண்டு மழைக்காலத்தில் வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

கலருக்கு மட்டும் வெயில் வேண்டும். டியூப் லைட்டில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சாம்பல் நிறங்கள் வெளிச்சத்துக்கு வந்ததும் வேறாகிவிடும். சாயம் போட்ட நூலை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேர்ந்த பெயின்டர் முதலில் ஓர் அட்டையில் அடித்துக் காயவைத்து, வண்டியின் பெட்ரோல் மூடியோரம் வைத்து, ஷெட்டுக்கு வெளியே வந்து நேராக ஒருமுறை, சாய்த்து ஒருமுறை பார்ப்பார். ஒரு சொட்டுக் கறுப்பு கூடுதலாக விட்டு, மறுபடி கலக்குவார்.