மலையேறிய இரட்டை எஞ்சின்கள்

திருவனந்தபுரத்தை ரயில் வந்தடைந்தது கடலோரமாக அன்று, மலையைத் தாண்டியே. தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து 1904-இல் கொல்லத்தை எட்டிய மீட்டர் கேஜ் பாதையே, 1918-இல் தலைநகரை எட்டி, 1931-இல் அதன் தம்பானூரில் வந்து முடிந்தது. எர்ணாகுளத்திலிருந்து கொல்லத்துக்குப் பாதை 1958-இல்தான் பூர்த்தியாயிற்று என்பதனால், அதுவரை நாற்பது ஆண்டுகள், சென்னையிலிருந்து ரயிலிலேயே அந்நகரத்துக்கு வர விரும்பியோர் அனைவரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் குகைகளையும், கழுதுருட்டிக்கு அருகேயுள்ள பதின்மூன்று கண் பாலத்தையும் தரிசித்தே வந்தார்கள்.

அம்மலைச் சரிவில் ஓர் எஞ்சினின் பலம் போதாமையால், முன்னே ஒன்று இழுக்கப் பின்னே இன்னொன்று தள்ளும் ஏற்பாடு ஸ்தாபிக்கப்பட்டது. பின்னால் தள்ளும் எஞ்சினை பாங்கர் என்பது ரயில்வே வழக்கு. முன் டிரைவர் முகத்தைப் பின் டிரைவர் காண்பதற்கில்லை; பெட்டிகளின் வரிசையும் வளைவுகளும் புகையும் இடையே நின்றன. ஆகவே ஊதலே அவர்களுக்குப் பாஷையாயிற்று. பின் எஞ்சின் முந்திக்கொண்டு நீராவியைத் திறந்தால் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும். பிந்தினாலோ முழுப் பாரமும் முன் இணைப்புகளின்மீது விழும். வாக்குவம் பிரேக்கின் ஆதிக்கமோ முன் டிரைவருக்கே உரியது. செவியையும் கைப்பழக்கத்தையும் மட்டுமே துணையாகக் கொண்டு இரண்டு மனிதர் ஒரே சித்தமாக இயங்கிய அந்த வித்தையை, ரயிலின் சரித்திரம் எழுதுவோர் பாலங்களைப் பாராட்டுமளவுக்குப் பாராட்டாதது பெருங்குறை என்றே கருதுகிறேன்.

பல எஞ்சின்களை ஒருவரே ஆளும் உபாயத்தை மின்சார வண்டிகளில் 1897-இல் சிகாகோ நகரத்து உயர்பாதையில் நிரூபித்தவர் பிராங்க் ஸ்பிரேக். டீசல் யுகத்தில் அது தடித்த கேபிளாக உருக்கொண்டு, அடுத்தடுத்து நிற்கும் இரு எஞ்சின்களை ஒரே டிரைவரின் கைக்குள் ஒப்படைத்தது. ஆனால் பெட்டிகளுக்கு அப்பால் வாலில் நிற்கும் பாங்கருக்கு அக்கேபிள் எட்டாது. எனவே மீட்டர் கேஜில் ஒய்.டி.எம்-4 டீசல்கள் ஓடிய காலத்திலும் பின்னதற்குத் தனி டிரைவர் வேண்டியிருந்தார்.

அம்மலையில் அன்று தீராத இச்சங்கடம் மேஜைமேல் ஓடும் சிற்றுருவ ரயிலில் தீர்ந்தது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் பொதுத் தரமாக ஏற்ற டிஜிட்டல் முறையில், தண்டவாளமே மின்சாரத்தையும் ஆணையையும் ஒருங்கே சுமப்பதால், தலையிலுள்ள எஞ்சினும் வாலிலுள்ள எஞ்சினும் ஒரே க்ஷணத்தில் ஒரே கட்டளையைப் பெறுகின்றன. அக்கட்டளையைப் படிக்கும் டிகோடர் என்னும் கருவியில், இரண்டு எஞ்சின்களிலும், பத்தொன்பதாம் அமைப்பில் ஒரே எண்ணைப் பதிக்க வேண்டும். பின்முகமாக நிற்பதற்கு அவ்வெண்ணோடு 128-ஐக் கூட்ட வேண்டும். அதன்பின் புறப்படு வேகம், நடுவேகம், உச்ச வேகம் ஆகியவற்றை இரண்டிலும் சமப்படுத்துவதே பொறுமையைக் கோரும் பணி. ஒரே ஆணைக்கு இரண்டு மோட்டார்கள் இருவேறு வேகத்தில் சுழன்றால், ஒன்று மற்றதை இழுத்துத் தேய்த்துச் சூடேற்றும். அதற்காக இரண்டையும் இணைக்காமல், சிறிது இடைவெளி விட்டு, ஒரே வட்டத்தில் ஓடவிட்டு, எது எதை நெருங்குகிறது என்று பார்த்து, மெதுவானதற்கு ஏற்ப வேகமானதைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.