அசையாமல் நின்றவர்கள்

வகுப்பில் ஒருமுறை ஜூலியா மார்கரெட் கேமரூன் எடுத்த படம் ஒன்றைக் காட்டினேன். ஒரு பெண்ணின் முகம். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருள். “இதுல இருக்கறவங்க யாரு மேம்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. நான் குறிப்பெடுத்து வைத்திருந்ததெல்லாம் படம் எடுத்தவரைப் பற்றித்தான்.

கல்கத்தாவில் 1815இல் பிறந்த கேமரூனின் கைக்குக் கேமரா வந்தபோது வயது 48. மகளும் மருமகனும் 1863 டிசம்பரில் கொடுத்த பரிசு அது. இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்த அவருக்கு ஸ்டுடியோ கிடையாது. கரி போட்டுவைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கண்ணாடி பதித்த கோழிக் கொட்டகையைப் படமெடுக்கும் இடமாக மாற்றினார். கோழிகளை வெளியே விட்டாயிற்று, யாரும் அடித்துத் தின்றிருக்க மாட்டார்கள் என்று பின்னாளில் வேடிக்கையாக எழுதினார்.

அன்று கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். கொட்டகைக்குள் வரும் வெளிச்சமோ குறைவு. அதனால் எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். அந்தக் கலங்கலையும் தகட்டின் கறைகளையும் விமர்சகர்கள் பழித்தார்கள். கேமரூன் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கூரை வெளிச்சத்தை முகத்தின் ஒரு பக்கம் மட்டும் விழவிட்டு, இன்றும் நம்மை நிறுத்திவைக்கும் முகங்களை எடுத்தார்.

வசதியில்லாத இடத்தில் ஒரு பெண் வெளிச்சத்தைக் கண்டெடுத்த கதையாக இதை நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மாணவியின் கேள்விக்கும் பதில் வேண்டும். படத்தில் இருந்தவர் மேரி ஹில்லியர், அந்த வீட்டின் வேலைக்காரப் பெண். கன்னி மரியாளாகத் திரும்பத் திரும்பப் பொறுமையாக உட்கார்ந்தவர். எஜமானி வரச்சொன்னால் வேலைக்காரப் பெண்ணால் மறுக்க முடிந்திருக்குமா? தகடு கழுவும் தண்ணீரை இறைத்துச் சுமந்த கைகள் யாருடையவை?

1875இல் கேமரூன் குடும்பம் இலங்கைக்குப் போனது. கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அந்நாளில் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கடல் கடந்து, மன்னாரிலிருந்து காடு வழியே மலைநாட்டுக்கு நடந்து போனவர்கள், வழியிலேயே செத்தவர்கள் பலர். ரசாயனமும் நல்ல தண்ணீரும் கிடைப்பது அரிதான அந்த இடத்திலும் கேமரூன் படமெடுத்தார். 1879இல் அங்கேயே இறந்தார். இலங்கைப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. வீட்டு வேலையாட்களும் தொழிலாளர்களும் ஊர்மக்களும் அவற்றில் நிற்கிறார்கள். வெளிச்சம் அதே கனிவோடு அவர்கள்மீதும் விழுகிறது. தலைப்புகளில் மட்டும் வேறுபாடு. ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பதுபோல ஊரும் தொழிலும் இருக்கின்றன, ஆளின் பெயர் இல்லை.

மாணவியிடம் மேரியின் பெயரைச் சொன்னேன். அடுத்து இலங்கைப் படம் ஒன்று திரையில் வந்தது. “இவங்க?” என்றாள்.

சொல்வதற்கு என்னிடம் பெயர் இருக்கவில்லை.