இருட்டறையும் தோட்டிகளின் கைகளும்

கல்கத்தா இருட்டறையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். 1756 ஜூன் 20 ராத்திரி, சிராஜ் உத் தௌலாவின் ஆட்கள் வெள்ளைக்காரர்களை ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள், மூச்சுமுட்டிச் செத்தார்கள் என்று. ஆனா அந்த அறை யாருதுன்னு பாடத்தில் இல்லை. குற்றம் செய்த தன் சிப்பாய்களையே போட்டுப் பூட்டுவதற்காக வில்லியம் கோட்டைக் காவல் கட்டிடத்தில் கம்பெனிக்காரன் வைத்திருந்த கொட்டடி அது. நீளம் 18 அடி இருக்கும். உள்ளே போனது 146 பேர், பிழைத்தது 23 என்று எழுதிவைத்தவர், பிழைத்தவர்களில் ஒருவரான ஹால்வெல். 64 பேர் அளவில்தான் அடைபட்டிருப்பார்கள் என்று பிற்பாடு பிரிஜன் குப்தா கணக்கிட்டார். கூட்டிச் சொன்ன கணக்குக்கு நினைவுத்தூண் வேறு. சுபாஷ் போஸ் கிளப்பிய போராட்டத்துக்குப் பிறகு, 1940இல்தான் அதை அந்த இடத்திலிருந்து எடுத்தார்கள்.

இதே மாதிரி இன்னொரு அறை பஞ்சாபில் இருந்தது. அதுக்குத் தூண் கிடையாது.

1857 மே மாதம் லாகூர் மியான்மீர் பாளையத்தில் 26ஆம் படைப்பிரிவின் ஆயுதங்களைப் பறித்துவிட்டார்கள். ஜூலை 30ஆம் தேதி அந்தச் சிப்பாய்கள் தப்பி ஓடினார்கள். ராவி ஆற்றங்கரையில் பிடிபட்ட 282 பேரை அமிர்தசரஸ் துணை ஆணையர் ஃபிரெடரிக் கூப்பர் அஜ்னாலாவுக்குக் கொண்டுபோனார். காவல் நிலையத்தில் இடம் போதவில்லை. மிச்சப்பேரை ஒரு கொத்தளத்துக்குள் திணித்தார்கள். ஆகஸ்ட் 1 காலை பத்துப் பத்துப் பேராக வெளியே இழுத்துச் சுட்டார்கள். 237 பேர் முடிந்ததும், மீதிப்பேர் வெளியே வர மறுப்பதாகத் தகவல் வந்தது. கதவைத் திறந்தால் 45 பிணம். பயம், களைப்பு, வெக்கை, மூச்சுத்திணறல்.

இதையெல்லாம் எதிரி எழுதவில்லை, கூப்பரே மறு வருஷம் புத்தகமாகப் போட்டார். ஹால்வெல்லின் இருட்டறை திரும்ப நடந்தது என்று அவரே ஒப்பிடுகிறார், கூச்சமே இல்லாமல்.

அந்தப் பிணங்களை இழுத்துப்போய்க் குழியில் தள்ளியவர்கள் ஊர்த் தோட்டிகள். கூப்பர் புத்தகத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு சொற்றொடர். பஞ்சாபில் இந்த வேலை சூஹ்ரா மக்கள் தலையில் கட்டப்பட்டிருந்தது. வங்காளப் படையிலோ பிராமணரும் ராஜபுத்திரரும்தான் நிறைய. உயிரோடு இருந்தவரை தோட்டியின் நிழல்கூடப் படக்கூடாது என்றிருந்த உடம்புகளும் அதில் கிடந்திருக்கும். இதில் நாம சந்தோஷப்பட ஒண்ணுமில்லை. சுட்டவனுக்குச் சம்பளம் உண்டு, சுடச் சொன்னவனுக்குப் பாராட்டும் கிடைத்தது. 282 பிணம் சுமந்தவனுக்கு என்ன கொடுத்தார்கள்? முடியாதுன்னு சொல்லியிருந்தா அவனும் அந்தக் குழிக்குள்ளேதானே?

2014இல் அஜ்னாலாவில் ஒரு பழங்கிணற்றைத் தோண்டினார்கள். எலும்புகள், பற்கள், நாணயங்கள், பதக்கங்கள் கிடைத்தன. செத்தவர்கள் கங்கைச் சமவெளிக்காரர்கள் என்று பற்களை ஆராய்ந்து 2022இல் சொல்லிவிட்டார்கள். தூக்கிப் போட்டவர்களைப் பற்றி இன்றைக்கும் கூப்பர் எழுதின அந்த ஒரு சொற்றொடர்தான்.