கெட்டுப்போகும் மருந்து

ஆனி மாதத்துப் பின்னிரவில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும். விடியும்போது திருவண்ணாமலை கிரிவலப் பாதை ஓரத்து வேப்ப மரங்களின் அடியில் மஞ்சள் கொட்டிக் கிடக்கும். பழுத்த வேப்பம்பழம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத்தில் அது நசுங்கிப் பிசுபிசுக்கும். அவர்கள் ஒதுங்கி நடக்க, ஓர் ஆயா மட்டும் துடைப்பமும் முறமும் சாக்குப்பையுமாக மரத்தடியில் குனிந்திருந்தார். கண்ணெதிரே பழம் கிடக்க, காக்கையும் மைனாவும் சதையைத் தின்றுவிட்டுத் துப்பிய கொட்டையைத்தான் முதலில் பொறுக்கினார்.

"ஏன் ஆயா, பழத்தை விட்டுட்டு இதைப் பொறுக்கறீங்க?"

"இது காக்கா கழுவிக் குடுத்தது கண்ணு. பழமா எடுத்தா நான்தானே ஊறவெச்சுத் தேய்க்கணும்? சட்டுனு எடுத்துடணும். ஒரு மழை பேஞ்சாப் பூசணம் புடிச்சிடும். அப்புறம் யாரும் வாங்கமாட்டாங்க."

'சட்டுனு எடுத்துடணும்' என்று அவர் சொன்னதில் வேப்பங்கொட்டையின் முழு ஆயுளும் இருக்கிறது. மரத்திலிருந்து விழுந்த நொடியிலேயே அதற்கு மூன்று கெடு தொடங்கிவிடுகிறது. முளைக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று வாரத்துக்குள் மண்ணுக்குள் போயாக வேண்டும். நாள் ஆக ஆக முளைப்புத்திறன் வேகமாகக் குறையும். பயிருக்கு மருந்தாக வேண்டுமென்றால் எட்டு மாதம். அதைத் தாண்டிய கொட்டையில் வீரியம் குறைந்துவிடும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எச்சரிக்கிறது. கரைசலாகிவிட்டால் ஒரே நாள். அன்றன்றைக்குத் தயாரித்து அன்றன்றைக்கே தெளிக்க வேண்டும். காத்திருக்கவே தெரியாத இந்தப் பொருள் எங்கெல்லாம் போய்வந்தது என்று அறிய, ஆயாவின் சாக்குப்பையோடு கூடவே போனேன்.

வீட்டுத் திண்ணையில் கோணிமேல் பரப்பி நிழலில் உலர்த்துகிறார். வெயிலில் போட்டால் சத்து போய்விடும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்துப் பூஞ்சணம் பூக்கும். காய்ந்ததும் மண்டி. அங்கிருந்து பெரும்பகுதி எண்ணெய் ஆலைக்குப் போய் வேப்பெண்ணெயாகவும் புண்ணாக்காகவும் பிரிகிறது. ஒரு சிறு பங்கு நேராகக் கொல்லைக்கு வருகிறது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் அப்படி ஒரு மானாவாரிக் கொல்லை. நிலக்கடலையை இங்கே மல்லாட்டை என்பார்கள். மல்லாட்டைக்காரர்களின் பழைய எதிரி சிவப்புக் கம்பளிப்புழு. கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். நல்ல மழை ஒன்று பெய்ததும் அந்துப்பூச்சியாகக் கிளம்பி, இலைகளில் குவியல் குவியலாக முட்டையிடும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக இருந்து இலையைச் சுரண்டும். வளர்ந்து உடம்பெல்லாம் முடி முளைத்துவிட்டால் கொல்லைவிட்டுக் கொல்லை படையாக நடக்கும். மழை பெய்த இரவுகளில் வரப்பில் தீ மூட்டி அந்துப்பூச்சியை இழுப்பது, நடக்கும் புழுவைத் தடுக்கக் கொல்லையைச் சுற்றிப் பள்ளம் பறிப்பது, எருக்கங்கிளைகளைப் போட்டு அதில் ஏறும் புழுக்களைச் சேர்த்து அழிப்பது எல்லாம் இந்த எதிரிக்காக வகுத்த வழிகள்.

"புழு சின்னதா இருக்கறப்போ வேம்பு கேக்கும்ணே. முடி முளைச்சு நடக்க ஆரம்பிச்சுட்டாக் கேக்காது. அதனால மழை பேஞ்சதுலேர்ந்து நான்தான் கொல்லையச் சுத்திச் சுத்தி வரணும்" என்றார் அந்த விவசாயி. இலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் கடுகுபோல முட்டைக் குவியல். அந்த இலையை அப்படியே கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

முந்தின நாள் மாலையே அவர் வீட்டில் வேலை தொடங்கியிருந்தது. ஓடு நீக்கிய பருப்பு 5 கிலோ. உரலில் போட்டு எண்ணெய் கக்காதபடி மெதுவாக இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தார்கள். காலையில் அகன்ற மரக்கட்டையால் அவர் மனைவி கலக்கக் கலக்க, தண்ணீர் பாலாகத் திரும்பியது. கசப்பு மூக்கிலேயே தெரிகிற வாடை. பழைய வேட்டியை இரண்டாக மடித்து வடிகட்டி, 100 லிட்டராக விளாவி, இலையில் ஒட்டுவதற்காக 200 கிராம் சோப்பைக் கரைத்தார்கள். ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசல் என்று வேளாண்மைத் துறை சொல்வது இதைத்தான். வெயில் பட்டால் சிதைந்துவிடும் என்பதால், பொழுது சாயத் தொடங்கிய பிறகுதான் டேங்க்கைத் தோளில் ஏற்றினார்.

தெளித்த உடனே ஒரு புழுவும் சாகவில்லை. சாகாது. வேம்பின் பருப்பில் உள்ள அசாடிராக்டின் புழுவின் தீனியைத்தான் முதலில் நிறுத்துகிறது. பிறகு புழு தோலுரித்து வளரத் தேவையான ஹார்மோனைக் குலைக்கிறது. தின்னாமலும் தோலுரிக்க முடியாமலும் புழு நாலைந்து நாளில் ஓய்ந்துபோகும். அடித்த மறுநாள் கொல்லையில் புழு செத்துக் கிடந்தால்தான் மருந்து என்று பழகிய கண்ணுக்கு இந்த நாலைந்து நாள் பெரிய சோதனை. வேம்பைக் கைவிட்டவர்களில் பலர் அந்த நாட்களில்தான் கைவிட்டார்கள்.

அந்தக் கண்ணைப் பழக்கியவை இரசாயனப் பூச்சிக்கொல்லிப் புட்டிகள். அவற்றின் பெருமையே கெடாமல் இருப்பதுதான். ஆனால் புட்டியில் கெடாதவற்றில் சில, மண்ணிலும் நீரிலும் உடம்பிலும் நெடுநாள் தங்கின. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் பல ஆண்டுகள் ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்பானுக்கு, நாடு முழுவதும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011 மே 13 அன்று. அதற்குச் சில நாள் முன்புதான் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் அதை நிலைத்த கரிம மாசுகளின் பட்டியலில் சேர்த்திருந்தன. போபால் ஆலையில் 1984 டிசம்பர் இரவில் கசிந்த வாயு, கார்பரில் என்ற பூச்சிக்கொல்லி செய்ய வைத்திருந்த மூலப்பொருள். அந்தக் கார்பரிலுக்கு இந்தியா தடை போட்டது 2018 ஆகஸ்டில். அதே ஆணையில் போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு 2020 டிசம்பர் 31 வரை தவணை கொடுத்தார்கள். 2023 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் முதலிய ஆறு மருந்துகளின் விற்பனையை 60 நாட்களுக்கு நிறுத்தியது. பூச்சியோடு மனிதரையும் காவு கொண்டவை அவை. ஒரு புட்டி தடையானதும் கடைக்காரர் அடுத்த புட்டியை எடுத்து நீட்டுவார். தடை வந்தும் நம் பழக்கம் மாறாமல் இருப்பது அந்தக் கணத்தில்தான்.

வேப்பங்கொட்டையும் ஒரு காலத்தில் கடல் தாண்டியது. மரம் முன்னே போய், கொட்டையின் பெருமை பின்னால் திரும்பி வந்தது. 1959 இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை இறங்கிப் பச்சையையெல்லாம் மொட்டையடித்தபோது, அங்கே நட்டிருந்த வேப்ப மரங்கள் மட்டும் இலையோடு நின்றதை ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சி அவருடைய வாழ்நாள் வேலையானது. 1962 இல் டெல்லியில், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பிரதான், ஜோத்வானி, ராய் மூவரும் வேப்பம் பருப்புக் கரைசலைப் பயிரில் தெளித்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளிகள் வந்து உட்கார்ந்தன, தின்னவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகளின் ஆபத்தை எழுதி உலகை உலுக்கியதும் அதே ஆண்டுதான். 1968 இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வடிவம் இன்னதென்று தெளிவாக 1985 வரை ஆயிற்று. ஸ்டீவன் லேயின் கேம்பிரிட்ஜ் குழு அதைச் செயற்கையாகச் செய்து முடித்தது 2007 இல். 22 ஆண்டு உழைப்பு. நம் தெருவோர மரம் ஒவ்வொரு கோடையிலும் செய்து கீழே உதிர்ப்பது இதைத்தான்.

சத்து தெரிந்ததும், அதைக் கெடாமல் வைக்கும் வேட்கையும் பிறந்தது. அமெரிக்காவின் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனம் 1992 இல் பெற்ற காப்புரிமை, அசாடிராக்டினைச் சேமித்து வைத்தாலும் வீரியம் குன்றாத கலவைக்கானது. 1994 இல் ஐரோப்பிய காப்புரிமை அலுவலகம் அதே நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் சேர்த்து இன்னொன்றை வழங்கியது. வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு. இதைச் சூழலியலாளர் வந்தனா சிவாவும், ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியின் மக்தா ஆல்வோட்டும், சர்வதேச இயற்கை வேளாண் இயக்கக் கூட்டமைப்பும் எதிர்த்து வழக்காடினார்கள். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்ததைப் புதுக் கண்டுபிடிப்பு என்பதா என்ற கேள்வி மியூனிக் நகரில் விசாரிக்கப்பட்டது. 2000 மே 10 அன்று காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது. கொட்டை மீண்டும் பொதுச்சொத்தானது.

பொதுச்சொத்து என்றால் மலிவு என்று பொருளல்ல. 2015 இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானது. யூரியாவின் தழைச்சத்து மண்ணில் சட்டென்று வீணாகாமல் பயிருக்கு மெல்லக் கிடைக்கும் என்பது அதன் பயன். நல்ல காரியம்தான். ஆனால் மண்டிக்கு வரும் கொட்டைக்கு ஆலைகளின் கை நீண்டது. சிறு விவசாயிக்கு இப்போது பத்திரமான வழி, தன் வரப்பில் தானே ஒரு மரம் வைத்திருப்பதுதான்.

களைக்கு வேம்பு மருந்தாகாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்படுத்திய பிறகு, உப்பையும் வினிகரையும் கலந்து தெளிக்கும் யோசனை கைப்பேசிகளில் சுற்றுகிறது. உப்பு களையோடு மண்ணையும் கெடுக்கும். அதைத் தொடாதிருப்பது நல்லது. மல்லாட்டைக்குக் களைக்கொத்துதான். விதைத்த 45 நாளுக்குள் இரண்டு கொத்து கொத்தி மண் அணைத்துவிட வேண்டும். அதற்குமேல் கொத்தினால் மண்ணில் இறங்கும் விழுது அறுந்து காய் போய்விடும். நெல்லுக்குக் கோனோவீடர் என்ற களையெடுப்புக் கருவி. தோட்டத்துக்கு மூடாக்கு. களையெடுக்கிற பெண்களின் கூலி கூடியிருக்கிறது, ஆள் குறைந்திருக்கிறது. களைக்கொல்லிக்கு மாற்று வேண்டுமென்று பேசுகிறவர்கள் அந்தப் பெண்களின் கூலியைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை 1969 இல் விட்டுவிட்டு ஊர் ஊராக நடந்த இயற்கை வேளாண்மை முன்னோடி கோ. நம்மாழ்வார் போன்றவர்களால் பரவிய ஒரு சூத்திரம் இன்று இந்தப் பக்கத்து விவசாயிகளின் வாயிலும் வருகிறது. ஆடு மாடு தின்னாத இலை, கசக்கிற இலை, ஒடித்தால் பால் வடிகிற இலை. நொச்சி, ஆடாதொடை, எருக்கு, வேம்பு போன்ற இலைகளைச் சேர்த்துக் கரைசல் வைக்க வேறு பாடம் வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசும் 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டு, அடுத்த ஆண்டு 10 இலட்சம் வேப்பங்கன்றுகளை விவசாயிகளுக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. இன்று நடும் கன்று கொட்டை உதிர்க்கச் சில ஆண்டுகளாகும். அதுவரை ஆயாக்களின் முறம்தான் நமக்கு ஆதாரம். அவர்கள் பொறுக்குகிற ஒவ்வொரு கிலோவுக்கும் நியாயமான விலை கிடைத்தால் தடையான மருந்துகளுக்கு மாற்று தேடும் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

கீழ்பென்னாத்தூர்க் கொல்லையில் அன்று தெளித்து முடித்தபோது டேங்க்கில் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்றேன். "நாளைக்குக் கெட்டுடும்ணே" என்று அதை வரப்போரத்து எலுமிச்சைக்குத் தெளித்துவிட்டார். வீடு திரும்பினோம். அவருடைய பேத்தி திண்ணையில் உட்கார்ந்து, கூடையில் காய்ந்துகொண்டிருந்த கொட்டைகளை ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் விரட்டவில்லை. முன்பெல்லாம் மருந்துப் புட்டியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் எறவாணத்தில் துணி சுற்றிச் சொருகி வைப்பார்களாம். அந்த இடத்தைக் காட்டினார். ஓலைக்கு நடுவே ஒரு புட்டி நுழைகிற அளவுக்குச் சந்து அப்படியே இருந்தது. அதில் ஒரு சிட்டுக்குருவி வைக்கோல் சேர்த்துக்கொண்டிருந்தது.