பிரேக்கை விடுவித்த மருந்து

2010 வரை, உடலெங்கும் பரவிவிட்ட மெலனோமாவுக்கு மருத்துவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் டகார்பசின் என்ற பழைய கீமோ மருந்துதான். தோலின் நிறமி செல்களில் பிறக்கும் இந்தப் புற்றுநோய் நுரையீரலையோ மூளையையோ எட்டிவிட்டால், பெரும்பாலானோர் ஓராண்டைக்கூடத் தாண்டவில்லை.

உடலின் சொந்தப் படையையே புற்றுநோய்மீது ஏவும் ஆசை அதைவிடப் பழையது. நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி 1891இல் நோயாளியின் கட்டிக்குள் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது, காரணம் புரியவில்லை. அதன்பின் வந்த பலரும் எதிர்ப்புச் சக்தியை எப்படித் தூண்டுவது என்றே யோசித்தார்கள். அது ஏற்கெனவே தூண்டப்பட்டு, பிறகு அடக்கப்பட்டிருக்கலாம் என்ற எண்ணம் வரத் தாமதமாயிற்று.

எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்களான டி செல்களின் மேற்பரப்பில் சி.டி.எல்.ஏ-4 என்ற புரதம் இருப்பதை 1987இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது டி செல்லின் பிரேக் என்பது 1990களில்தான் தெளிவானது. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜேம்ஸ் ஆலிசன், அந்தப் புரதத்தை மறைக்கும் ஆன்டிபாடியை 1994 இறுதியில் எலிகளுக்குச் செலுத்தினார். முதலில் கட்டிகள் வளர்ந்துகொண்டேதான் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சுருங்கின. கியோட்டோவில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு 1992இல் கண்டறிந்த பி.டி-1 இன்னொரு பிரேக். புற்றுசெல்கள் அதைத் தாமே அழுத்தி டி செல்லைச் செயலிழக்க வைக்கின்றன.

மனிதர்களிடமும் அந்தத் தாமதம் தொடர்ந்தது. கீமோவுக்கு வகுத்த அளவுகோலின்படி, கட்டி பெரிதானால் மருந்து தோற்றது என்று பொருள். ஆனால் சி.டி.எல்.ஏ-4ஐ மறைக்கும் இபிலிமுமாப் என்ற மருந்தைப் பெற்ற சிலருக்குக் கட்டி முதலில் வீங்கி, பல வாரங்கள் கழித்தே கரைந்தது. அதே புரதத்தைக் குறிவைத்த ஃபைசர் நிறுவனத்தின் மருந்துக்கான பெரிய சோதனை 2008இல் நிறுத்தப்பட்டது. இபிலிமுமாபை ஆராய்ந்தவர்கள் கட்டியின் அளவை விட்டுவிட்டு, நோயாளி எவ்வளவு காலம் வாழ்கிறார் என்று கணக்கிட்டார்கள். இந்த வரலாற்றின் மிகத் துணிவான முடிவு அதுதான். 2010இல் வெளியான சோதனையில், ஒப்பீட்டுக்கான தடுப்பூசி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.4 மாதம், மருந்து பெற்றவர்களுக்கு 10 மாதம். 2011 மார்ச்சில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. பி.டி-1 மருந்துகள் 2014இல் வந்தன. ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பிரேக் தளர்ந்த டி செல்கள் குடல், தைராய்டு, கல்லீரல் ஆகியவற்றையும் தாக்கும். அதனால் கடும் வயிற்றுப்போக்குடன் வருபவருக்கு உடனே ஸ்டீராய்டு தர வேண்டியிருக்கும். இபிலிமுமாபையும் பி.டி-1 மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பாதிப்பேருக்கு மேல் கடுமையான பக்கவிளைவு வருகிறது. அந்தக் கூட்டு மருந்தைப் பெற்ற முற்றிய மெலனோமா நோயாளிகளில் 43 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்ததை 2024இல் வெளியான முடிவுகள் காட்டின.