ஆன், அ, ஓர்

அஸ்தம்பட்டி ரவுண்டானா அருகே ஒரு கடையின் ஆங்கில ஆள் தேவைப் பலகையில் ‘ஆன் அக்கவுண்டன்ட்’ என்று வரவேண்டிய இடத்தில் வெறும் ‘அ’ நின்றது. ‘அ’தான் மூலம், உயிரொலி வந்தால் ‘ன்’ ஒட்டுகிறோம் என்றே பலரும் எண்ணுகிறோம். நடந்தது நேர்மாறு. பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றால் ‘ஒன்று’ என்னும் எண். பின்னால் எண்ணுப்பொருள் தேய்ந்து ‘ஏதோ ஒன்று’ ஆனது. மெய்யொலிக்கு முன் ‘ன்’ உதிர்ந்தது. எழுத்தல்ல, ஒலியே கணக்கு: ‘அவர்’ என ஒலிக்கும் மணிநேரத்துக்கு ‘ஆன்’, யுனிவர்சிட்டிக்கு ‘அ’. இந்த ‘ன்’ பக்கத்துச் சொல்லையும் கடித்திருக்கிறது. ‘அ நேப்ரன்’ என்பது ‘ஆன் ஏப்ரன்’ ஆனது இப்படித்தான். இங்கிருந்து சாலை ஏறும் ஏற்காட்டின் ஆரஞ்சும் அப்படியே. நம் நாரத்தைக்கு உறவான ‘நாரங்க’ மேற்கே போய், இத்தாலி, பிரான்ஸ் பக்கம் இதே போன்ற முன்சொல்லிடம் தன் ‘ந’கரத்தை இழந்தது என்பார்கள். தமிழிலும் ‘ஒன்று’தான் ஒரு, ஓர் என்று நிற்கிறது, உயிருக்கு முன் ஓர். ஆனால் ஆங்கிலம்போல் எங்கும் அதை ஒட்டவைக்கத் தேவையில்லை. அந்தப் பலகைக்கு ‘கணக்கர் தேவை’ போதும்.