பார்வையற்றோர் இல்லச் சமையல்

கண்ணின் துணையின்றி, ஸ்பரிசம், ஒலி, வாசனை ஆகியவற்றையே பிரமாணமாகக் கொண்டு இல்லத்தில் உணவு சமைக்கும் முறை. பார்வையற்ற கிறிஸ்டின் ஹா 2012-இல் அமெரிக்காவின் மாஸ்டர்செஃப் போட்டியில் வென்றது உலகறிந்த உதாரணம்.

நறுக்குதலே இக்கலையின் கடினமான அங்கம். அரிவாள்மனையில் அலகு அசையாது நிற்க, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு காயை இரு கரங்களாலும் அதை நோக்கிச் செலுத்துவதால், கூர்மை இருக்குமிடம் பற்றிய நிச்சயம் ஒருபோதும் நீங்குவதில்லை. ஆயினும் காய் குறுகக் குறுக விரல்கள் அலகை அணுகுமாதலால், கடைசித் துண்டை நறுக்காது விடுவதே விவேகம். கத்தியைக் கையாள்வோர் காயை முதலில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் பலகையில் படியுமாறு வைத்து, விரல்நுனிகளை உள்மடக்கி, கணுக்களின்மேல் அலகின் பக்கவாட்டை உரசவிட்டு நறுக்குவர். கத்தியைக் கழுவும் நீரில் அமிழ்த்தி வைத்தல் பெரும் அபாயம்.

பாத்திரத்தை அடுப்பின் நடுவில் அமர்த்தி, முந்தானையைச் செருகிக்கொண்ட பின்னரே தீ மூட்டவேண்டும். தாளிப்பின் பக்குவத்தைக் கடுகு வெடிக்கும் ஓசை அறிவிக்கும். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க, மந்தாரை இலையில் ஆவியால் வேகும் காஞ்சிபுரம் இட்லிக்கு நாசியே முதல் சாட்சி. மூடியின் எதிர்ப்புற விளிம்பை முதலில் உயர்த்தி ஆவியை அப்பால் போகவிட்டு, மெல்லிய குச்சியைச் செருகியெடுத்து, சற்று ஆறியபின் அதில் மாவு ஒட்டியுள்ளதா என விரலால் தடவி அறிவர்.